க/பெ. இராஜாங்கம்

ஐஸ் பெட்டி நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வருவேனா என்றது. நாலு பேர் அதைச் சாய்த்துத் திருப்பி, ஒருவழியாகக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். விடிகாலையில் காபி போட எழுந்த அம்சம், கணவரைத் தொட்டு எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

இராஜாங்கம் சாலைப் பணியாளராக முப்பது வருஷம் தார் ஊற்றியவர். அந்தச் சம்பளத்தில்தான் வீடு, மகன் இளம்பரிதியின் படிப்பு எல்லாம். அப்படிப்பட்ட மனுஷன் ரிட்டையரான பிறகு, வயலுக்கு நடுவே வரப்போகும் நாலுவழிச் சாலை வேண்டாம் என்று கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? டீக்கடையில் ஓட்டித் தள்ளினார்கள். அவர் அசரவில்லை.

"நாங்க போட்ட தாரு சித்திரையிலதான் கால்ல ஒட்டும். இப்ப மாசியிலயே ஒட்டுது. அறுக்குற நேரத்துல மழ கொட்டுது. இருக்குற வண்டிப் பொகைக்கே வானம் கெட்டுக் கெடக்கு. இன்னும் ரோட்டப் போட்டு இன்னும் வண்டிய வுட்டா என்னத்த வெளயும்?" என்பார். போன வருஷம் மாசி மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகு பிடிவாதம் இன்னும் கூடிப்போனது.

ஆனால் அவர் பேரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. சாலைக்குப் போகும் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், அம்சத்தின் தாய்வீட்டுச் சொத்து. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்சேபணை செல்லும் என்று நிலம் எடுக்கும் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். டைப் அடித்த மனுவோடு பத்து நாளாக அவள் பின்னால் சுற்றினார். "நாம ஒருத்தர் சொல்லியா வெயில் கொறயப் போவுது?" என்று அவள் தட்டிக்கழித்தாள். நேற்று படுக்கும்போது, "நாளைக்குக் கடைசி நாளு அம்சம்" என்றார். "காலையில பாப்போம், படுங்க" என்றாள். அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுவாகிப்போனது.

உச்சிப்பொழுது கழிந்து, மாலை போட்டுவிட்டு வந்த தம்பி அரசப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் நிலமும் ஒட்டினாற்போலத்தான் இருந்தது. சாலை வரட்டும் என்று காத்திருப்பவன்.

"அழுவாதக்கா. மாமா ஒருத்தருக்கும் செரமம் குடுக்காமப் போயிட்டாரு. அந்த மனு வம்பும் அவரோட போச்சுன்னு வுட்டுடு."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அம்சத்துக்குச் சுருக்கென்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இளம்பரிதி, அப்பா சட்டப்பையில அந்த மனு இருக்கும், எடுத்தா."

மகன் எடுத்துவந்து பிரித்துப் படித்தான். படித்தவன் தயங்கினான்.

"அம்மா, இதுல 'க/பெ. இராஜாங்கம்'னு அடிச்சிருக்கு. முன்னாடி 'லேட்'டுன்னு போடணும்மா. கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து மாத்திட்டு வந்துடறேன்."

"இன்னும் எடுக்கலல்ல?"

இளம்பரிதி ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அப்படியே இருக்கட்டும். பேனாவக் குடு."

தரையில் தாளை விரித்துக் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். மடித்து மகனிடம் நீட்டினாள்.

"தஞ்சாவூர் போயி ஆபீஸ்லயே குடுத்துட்டு, சீல் வாங்கிட்டு வா."

அரசப்பன் பதறினான். "கொள்ளி வைக்கிறவன் வீட்ட வுட்டுப் போவலாமாக்கா? அவன் எப்பத் திரும்பி வர்றது?"

"அவன் வர்ற வரைக்கும் ஒங்க மாமா எங்கயும் போயிட மாட்டாரு."

பைக் சத்தம் தெருமுனை திரும்பி ஓய்ந்தது. மூன்றரைக்கே பாடை தயாராகிவிட்டது. நாலு அடித்தது. நாலரையும் ஆனது. வந்த ஜனம் பந்தலுக்கடியில் கால்மாற்றி நின்றது. வெட்டியான் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அரசப்பன்தான் மெதுவாக வந்து குனிந்தான்.

"எடுத்துடலாமாக்கா? பொழுது போவுது."

"கொஞ்சம் லேட்டாவும் தம்பி" என்றாள் அம்சம். சொல்லிவிட்டு அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.