கீழ்த்தட்டு

"கீழ்த்தட்டுல என்ன இருக்குன்னு பாத்தியாடி?"

சின்னவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வைத்து அம்மா அவளிடம் கேட்டது. வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா அவளையும் கூட்டிப்போவாள். அம்மா கூடத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, தண்ணீர் கேட்கிற சாக்கில் இவள் சமையலறை அலமாரியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெள்ளமா, இந்தப் பக்கமா என்றுதான் புறநகரில் எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். அலமாரிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அம்மாவின் கட்சி. மேல்தட்டுகள் பிதுங்கி வழிய, கீழ்த்தட்டு மட்டும் காலியாக இருந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அப்படி வாங்கிய இரண்டு வீடுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதில்லை. மூன்றாவது வீட்டில்தான் இன்று காலை அம்மா உயிர் போய்க் கிடந்தாள், செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில்.

இந்த வீட்டின் கீழ்த்தட்டில் டப்பாக்கள் அடைசலாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் சின்னவள்தான். முதல் மழைக்கே முழங்கால் வரை தண்ணீர். "வித்தவன் நம்ம பாடத்த நமக்கே நடத்திட்டான் பாரு" என்று அம்மா தண்ணீருக்குள் நின்றபடியே சிரித்தாள். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இங்கே யாரையும் குடிவைக்கவும் இல்லை.

"தெரியாதவங்கள உள்ள விட்டுட்டு நான் எப்படித் தூங்கறது? தெரிஞ்ச நாமளே இருந்துக்கலாம்."

காய்ந்த வீடுகளை வாடகைக்கு விட்டுவிட்டு ஈர வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரி அம்மா.

வெயில் ஏறுவதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்த அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து செங்கற்களை உருவினான். காலையில் அழுதது இன்னும் கண்ணில் வீங்கியிருந்தது.

"சாயங்காலம் தரகர் ஆள் கூட்டிட்டு வர்றாராம்."

"இன்னைக்கேவாண்ணே?"

"நாளைக்கு நான் கிளம்பணும். நீயும் எங்களோட வந்துடுவே. பூட்டிப் போட்டா எலிதான் குடியிருக்கும். அது வாடகை தராது."

"மழை வந்தா?"

"வந்தா வடியும். இத்தனை வருஷம் நீங்க இருக்கலையா? மிதந்தா போயிட்டீங்க?"

சமையலறைக்குப் போய் மேலிருந்த டப்பாக்களை எடுத்துக் கீழ்த்தட்டில் அடுக்கினான். நேர்த்தியாகவே அடுக்கினான். அவனும் அம்மா வளர்த்த பிள்ளைதானே.

"யாராவது கேட்டா நீ வாயத் திறக்காத. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லையே."

"ம்."

அவன் குளிக்கப் போனான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே, மேலே வைத்தாள். மாவு டப்பாவின் அடியில் அந்த முதல் மழையின் துரு வளையமாக இருந்தது. அது மட்டும் துடைத்தும் போகவில்லை.

தரகரோடு வந்தவள் ஒரு தையல்காரி. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். துடைத்துவிட்ட கூடத்தையும் வெறும் கட்டிலையும் பார்த்துத் தயங்கினாள்.

"இன்னைக்குத்தான் இப்படின்னு இவர் சொல்லவே இல்லீங்க."

"பரவால்லம்மா, பாருங்க" என்றான் அண்ணன்.

"தண்ணி வருமாண்ணே? போன மழையில ஊருத் துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. பாதி கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்தது. இன்னமும் அவங்க தெரு வழியா நான் தலை நிமிர்ந்து நடக்கறதில்ல."

"இந்தப் பக்கமா? சான்ஸே இல்லம்மா."

"தெருவே மேடு" என்றார் தரகர், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்காமலே.

தையல்காரி மிஷின் போடுகிற இடத்தைக் கண்ணால் அளந்தாள். பிறகு சின்னவளிடம் திரும்பினாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

சின்னவள் முன்னால் நடந்தாள். அலமாரிக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து, மேல்தட்டில் டப்பாக்களுக்கு நடுவே இருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். கதவைச் சாத்தவில்லை.

தையல்காரி நின்றபடியே குடித்தாள். பாதியில் நிறுத்தி, குனிந்து, கீழ்த்தட்டின் வெறும் பலகையை விரலால் தொட்டாள். நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் டம்ளருக்காகக் கையை நீட்டினாள்.

கூடத்தில் அண்ணன் எழுந்து நின்றான். "புடிச்சிருக்காம்மா?"

தையல்காரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.