தண்ணீர் பட்டால் போகும் பெயர்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பேனா ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுத்த கதையைச் சொல்கிறேன்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அவள் எழுத்தர். பதிவேட்டில் மைப்பேனாவால்தான் எழுத வேண்டும், அதுவும் அலுவலக மையால். காகிதத்தைக் கடித்துக்கொள்ளும் மை அது. தண்ணீரில் முக்கினாலும் போகாது. இறகை மையில் தொட்டுத் தொட்டு எழுதிய காலத்துச் சட்டம். வயிற்றிலேயே மை வைத்துக்கொள்ளும் பேனா வந்த பிறகும் சட்டம் மாறவில்லை. அவள் பேனாவை அவளுக்கு முன்னால் மூன்று பேர் எழுதிப் பழக்கியிருந்தார்கள். அழுத்தவே வேண்டாம், வைத்தால் தானே ஓடும்.

அன்று மத்தியானம் நெற்றி வியர்வை ஒரு சொட்டு ஏட்டில் விழுந்தது. கைக்குட்டையால் ஒற்றினாள். ஒற்றிய இடத்தில் ஒரு குழந்தையின் பெயரைக் காணோம்.

அலுவலகப் புட்டி விரிசல் விட்டதால், மையை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளின் காலிப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தாள். பக்கத்திலேயே மகளின் பள்ளிக்கூட மை, துவைத்தால் போகிற மை. மூன்று வாரமாக மகளின் சட்டைக் கறை போகவில்லை என்று திட்டித் தீர்த்தது இப்போது உறைத்தது. புட்டி மாறியிருக்கிறது: அலுவலக மை மகளிடம், மகளின் மை பதிவேட்டில். இந்த மூன்று வாரத்தில் எழுதியது நாற்பத்தொரு குழந்தைகளின் பெயர்.

எழுத்தின் மேல் எழுத்து எழுதினால் வேலை போகும், கம்பியும் எண்ண வேண்டும்.

“என்னம்மா, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?” வாசலில் பதிவாளர். அலுவலகம் அவருக்கு வைத்த பேர் இடி.

“சார், மூணு வாரமா எழுதினதெல்லாம் தண்ணி பட்டா போயிடும். மை மாறிப்போச்சு.”

அவர் விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தைத் தேய்த்தார். விரல் நீலமானது.

“என்னோடதுமா?”

“நல்லா ஓடுதுன்னு என் பேனாவைத்தானே சார் வாங்கிக் கையெழுத்துப் போடுவீங்க.”

இடி சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தது. “கதவைச் சாத்துங்க. சரியான மையை வச்சு மேலயே எழுதிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஆனால் பெயர் அழிந்த இடத்தை அவருக்குக் காட்டினாள். “அழிஞ்ச பேரு எனக்கு ஞாபகம் இல்ல சார். அவங்கப்பா வாயால சொன்னாரு, நான் எழுதினேன். இந்த ஏட்டைத் தவிர எங்கயும் இல்ல. நானா ஒரு பேரு போட்டா அந்தப் பிள்ளை வேற யாரோ ஆயிடும்.”

அவர் ஏட்டை மூடினார். “அப்ப எழுதுங்க, மேலிடத்துக்கு. நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு எழுதுங்க.”

ஒன்பது நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கதவு தட்டினால் போலீஸ் என்று நினைத்தாள். பத்தாம் நாள் பதில் வந்தது: இருவருக்கும் கண்டனம், நாற்பத்தொரு வீட்டாரையும் வரவழைத்து, புதுப் பக்கத்தில் சாட்சியோடு எழுத வேண்டும்.

முதலில் வந்தவள் கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய். பெயர் அழிந்த குழந்தையின் தாய் அவள்; ஏட்டில் மிஞ்சிய முகவரியை வைத்து முதலில் தேடிப்போய் அழைத்தது அவளைத்தான்.

“பேரு சொல்லுங்கம்மா” என்றாள் எழுத்தர்.

அந்தத் தாய் சொன்னாள். எழுத்தர் எழுதினாள். ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும், கண்ணுகளா.