நஜீபா திரும்பிப் பார்க்கவில்லை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. படைத்தவன்மேல் ஆணை, நான் குடிக்கும் மழைத்தண்ணீர்மேல் ஆணை. நம்பாதவர்கள் என் கூட்டாளி மூஸாவைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மூஸா பொய்யன்.

கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரையில் கிடைத்தது. மழை தொடங்குமுன் தகரக் கூரையின் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்ய ஏணி போட்டு ஏறினேன். காய்ந்த ஈரப்பலா இலைகளுக்கு நடுவில் ஒரு டென்னிஸ் பந்து. மயிரெல்லாம் உதிர்ந்து என் தலையைப் போலவே இருந்தது. எங்கள் தீவில் டென்னிஸ் ஆடியவர் எவருமில்லை. அப்படியானால் அது பஷி ஆட்டத்துப் பந்து. பஷி என்றால் பெண்கள். பெண்கள் என்றால் நஜீபா.

ஏணியைவிட்டு இறங்குவதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பாடு.

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று நீலமாக' — வேண்டாம். கடல் என்றைக்கும் நீலம்தான். அதில் சேதி ஒன்றுமில்லை.

இரண்டாவது: 'அழகும் அறிவும் ஒருங்கே வாய்த்த நஜீபா' — அவள் படித்தால் உதைப்பாள்.

மூன்றாவது: நஜீபா திடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

இது இருக்கட்டும். பஷியில் அடிக்கிறவள் அப்படித்தான் நிற்க வேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் வலை. வலைக்கு அப்பால், பிடிக்கக் காத்திருக்கும் பெண்கள். பந்தை மேலே போட்டு, மட்டையால் தன் தலைக்கு மேலாகப் பின்பக்கம் விளாசுவாள். பிடித்தால் "பிடிச்சாச்சு!", விட்டால் "விழுந்தாச்சு!" என்று பின்னாலிருந்து கூவுவார்கள். அந்தக் குரல் வரும்வரை அவள் திரும்பக் கூடாது. திரும்பினால் ஆட்டம் போயிற்று. மற்ற தீவுகளில் இவ்வளவு கறார் கிடையாது என்கிறார்கள். மற்ற தீவுகளில் நஜீபாவும் கிடையாது.*

* ஒருமுறை அவள் அடித்த பந்து கீழே வரவே இல்லை. மறுநாள் மூஸா பிடித்துவந்த சூரை மீனின் வயிற்றில் இருந்தது. மீனை அறுத்தவன் நான். பந்து இன்னும் சூடாக இருந்தது.

3

பிடிக்கிறவர்களில் ஷஃபீகா என்று ஒருத்தி. சிறு வயதிலிருந்தே நஜீபாவின் உயிர்த்தோழி. ஆகவே திடலில் ஜென்ம எதிரி. நஜீபாவின் பந்தை வெறுங்கையால் பிடித்துப் பிடித்து, பந்தில் அச்சடித்திருந்த எழுத்து அவள் உள்ளங்கையில் பதிந்துபோனது. கல்யாணத்தன்று மருதாணிக்கு அடியிலும் அது தெரிந்தது. மாப்பிள்ளை மரியாதையாக வாசித்துப் பார்த்தார்.

"என்னடி, காலையில மாசியும் ரொட்டியும் தின்னலியா? பந்து தூங்கிக்கிட்டே வருது!" என்பாள் ஷஃபீகா.

"வாயைத் தொறந்தே வெச்சிரு. அடுத்தது நேரா உள்ள வரும்," என்பாள் நஜீபா, திரும்பாமலே.

"மகாராணிக்கு முதுகுல கண்ணு இருக்கோ?"

"உனக்குத்தான் அந்தத் தொண்டை இருக்கே. சத்தம் வர்ற பக்கம் அடிச்சாப் போதாதா?"

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. நஜீபா குறி பார்த்தது உண்மையில் அந்தக் குரலைத்தான்.

[இதுவரை எழுதியதை மூஸாவுக்கு வாசித்துக் காட்டினேன். கயிற்று நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லாம் சரிடா. கோல் எங்க?"

"பஷியில கோல் கிடையாது."

"அப்புறம் எதுக்கு ஆடுறாளுங்க? கடைசி நிமிஷம்னு ஒண்ணு வை. நஜீபா ஓடி வர்றா, ஒருத்தியத் தாண்டுறா, ரெண்டு பேரத் தாண்டுறா…"

"அவ நின்ன இடத்துலதான் நிக்கணும் மூஸா."

"நின்ன இடத்துலயே நிக்கிறவளப் பத்தி எவன்டா படிப்பான்?"

டீயைக் குடி என்றேன்.]

4

எங்கள் தீவுப் பள்ளியில் மேல்வகுப்பு இல்லை. பிள்ளை வளர்ந்தால் தாய் அவனைக் கூட்டிக்கொண்டு தலைநகர் மாலேக்குப் போய் ஒண்டுக்குடித்தனம் இருப்பாள். தகப்பன் தோணியோடும் மீனோடும் இங்கேயே கிடப்பான். பள்ளி திறக்கும் பருவம் வரும்போதெல்லாம் பிடிக்கிற வரிசையில் ஓரிடம் காலியாகும். திடலைப் பார்க்காத நஜீபாவுக்கு அது காதில்தான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்த இரைச்சல் பேச்சாயிற்று. பேச்சு முணுமுணுப்பாயிற்று. கடைசியில் ஷஃபீகாவின் தொண்டை மட்டும் மிஞ்சியது. பிறகு அவள் மகனும் வளர்ந்தான்.

"நீயும் வந்துரேன்டி," என்றாள் ஷஃபீகா, பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே. "மாலேல ராத்திரிகூட விளக்குப் போட்டு ஆடுறாங்களாம்."

"அங்க உன்னை மாதிரி கத்த ஆள் இருக்கா?"

"நான்தான் இருப்பேனே!"

"நீ அடுப்படியில இருப்ப."

ஷஃபீகா முடிச்சை இறுக்கினாள். "பெருநாளைக்கு வர்றேன். வந்து பிடிக்கிறேன். அதுக்குள்ள கையைத் துருப்பிடிக்க விட்டே, மவளே, தொலைச்சிருவேன்."

(இந்த இடத்தில் எனக்கு நஜீபாமேல் சந்தேகம் வருகிறது. எல்லோரும் போகும்போது இவள் மட்டும் ஏன் போகவில்லை? பிள்ளையில்லை என்று எழுதினேன், அடித்தேன். படுக்கையில் கிடக்கும் தகப்பன் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். புருஷனைத் தனியாக விட்டுப் போக மனம் வராமல் அவள் — இது பாதியில் நிற்கிறது. நிற்கட்டும்.)

5

பெருநாளன்று படகு வந்தது. நஜீபா படகுத்துறைக்குப் போகவில்லை. போய்ப் பார்த்து, இறங்குகிறவர்களில் ஷஃபீகா இல்லையென்றால்? பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தானே வலையைக் கட்டினாள். திடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பின்னால் மணலில் காலடி கேட்டது போலிருந்தது. ஷஃபீகாவாக இருக்கலாம். கோழியாகவும் இருக்கலாம். "என்னடி?" என்றாள் நஜீபா. பதில் இல்லை. பேசாமல் நின்று ஏமாற்றுவது ஷஃபீகாவின் பழைய வித்தைதான். நஜீபா சிரித்துக்கொண்டு பந்தை மேலே போட்டாள். அடித்தாள். வாழ்நாளிலேயே அவளுடைய நல்ல அடி அது. கைக்குத் தெரிந்துவிட்டது.

பந்து இறங்கவேண்டிய அந்த நொடியில், திடலோரத் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கோல் போட்டான். "கோல்ல்ல்!" என்று கடையே எழுந்து கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது மூஸா.

இரைச்சல் அடங்கியபோது திடலில் சத்தமே இல்லை. யாராவது கூவியிருந்தால் அந்தக் கோலுக்குள் முங்கிப்போயிருக்கும். யாரும் கூவாமலும் இருந்திருக்கலாம். திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பினால் ஆட்டம் முடிந்துவிடும்.

6

முடிவு, மூஸா சொன்னது: திரும்புகிறாள், மாலேக்குப் போன பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள். பிறகு கால்பந்து ஆடுகிறார்கள்.

இன்னொன்று: பின்னால் யாருமே இல்லை. பந்து உருண்டு, துள்ளி, ஒரு கூரையின் தண்ணீர்க் குழாயில் — இதை நான் எழுதவில்லை. கை தானாக எழுதிவிட்டது.

வேறொன்று: அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். தோணிக்காரர்கள் அவளை அடையாளமாக வைத்துத்தான் பவளப்பாறைகளுக்கு ஊடே படகை உள்ளே விடுகிறார்கள். இதுவரை ஒரு தோணியும் தட்டவில்லை.

"பாவம்டா, கால் வலிக்கும். திரும்பச் சொல்லு," என்றான் மூஸா.

"திரும்பினா யாரும் இல்லேன்னா?"

அவன் பந்தைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தான். "இதைக் கழுவிப் பிள்ளைங்ககிட்ட குடுத்துரு."

"எந்தப் பிள்ளைங்க?"

மூஸா ஆறிப்போன டீயைக் குடித்தான்.

7

ஆகவே உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரமும் நஜீபாவுக்குப் பின்னால், வலைக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தான். பந்து மேலே இருக்கிறது. பிடித்தால் கூவுங்கள். விட்டாலும் கூவுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. குரல் ஒன்று வந்தால் போதும்.

ஆணையிட்டுத் தொடங்கியவன் ஒரு தகவலை மறைக்கக் கூடாது. நஜீபா என் மனைவி. இந்தத் தீவிலிருந்து மாலேக்கு முதன்முதலாகப் படகேறிய பெண் அவள்தான்.