முதுகுக்குப் பின்னால் ஒரு கை

போலீஸ்காரன் மேல் வெர்டெல் போட்ட வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். ஜூரி முன்னால் அவள் வாயைத் திறக்கக்கூட விடவில்லை.

நடந்தது ஊரறிந்த கதை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு சின்ன ஊரில், கறுப்பர்களின் பாப்டிஸ்ட் சபையில், வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் ஊழியம் அவளுடையது. வெள்ளைக் கையுறை போட்டு, இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க வேண்டும். அதுதான் அந்த ஊழியத்துக்கு மரியாதை. ஜெப நேரத்தில் யாரையோ தேடி ஷெரிப்பின் போலீஸ்காரன் ஒருவன் வந்தான். சற்றுப் பொறுங்கள் என்று வலது கையைக் காட்டினாள். அவன் கண்ணுக்குப் பட்டதோ மறைந்திருந்த இடது கை. அதில் துப்பாக்கி இருக்கிறதாம்! அறுபதைத் தாண்டியவளைக் குப்புறத் தள்ளித் தோளை முறித்துவிட்டான். கையில் இருந்தது கையுறை மட்டும்தான்.

"நீதிபதி என்னதான்யா சொல்றாரு?" என்று வக்கீல் குவார்ல்ஸிடம் கேட்டாள். அவனும் அதே சபையில் வளர்ந்தவன்.

"இதே மாதிரி வேற வழக்குல, போலீஸ் செஞ்சது தப்புன்னு மேல்கோர்ட் முன்னாடியே சொல்லியிருக்கணுமாம், மிஸ் வெர்டெல். அப்பத்தான் அவன் மேல வழக்கு நிக்குமாம். கையைப் பின்னால வெச்சுட்டு நின்ன சபை ஊழியக்காரியைப் பத்தி அப்படி ஒரு தீர்ப்பும் இல்லையாம்."

"அப்போ முதல் அடி இலவசமா?"

சட்டம் படித்தவர்களுக்கு மட்டுமே புரிகிற நியாயம் அது. குவார்ல்ஸ் தீர்ப்பை மடித்து வைத்தான்.

"மேல்முறையீடு போகலாம். அங்கேயும் தோத்தா, இப்படிச் செய்யறது தப்பே இல்லைன்னு அந்தக் கோர்ட்டுக்குக் கீழ இருக்கிற மூணு மாநிலத்துக்கும் ஆயிடும். விட்டுடலாம்னு தோணுது."

வெர்டெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரசங்கத்துல நீ தூங்குறப்பல்லாம் தட்டி எழுப்பினவ நான். இப்பவும் தூங்குறியா தம்பி? இப்ப மட்டும் அந்தப் போலீஸ்காரனுங்களை யாரு தடுக்கிறா? போன ஞாயித்துக்கிழமை பாத்தேன். வாசல்ல நிக்கிற நம்ம பொண்ணுங்க கையைப் பின்னால வைக்கவே பயந்து, தொங்கப் போட்டுட்டு நின்னாளுங்க. தேவனோட வீட்டுல!"

"தோத்துட்டா?"

"தோத்துட்டுப் போறேன். பயந்துட்டு வீட்டுல உக்கார மாட்டேன். எனக்கு முன்னாடி ஒருத்தியும் இல்லைன்னுதானே நீதிபதி தள்ளுபடி பண்ணாரு? எனக்குப் பின்னாடி வர்றவளுக்கு முன்னாடி நான் நிக்கிறேன். எழுதுய்யா."

குவார்ல்ஸ் மேல்முறையீட்டை எழுத உட்கார்ந்தான்.