வாம்பேட் கீழே போட்ட சீட்டு

அந்தக் குளிர்காலத்தில் ரஸ்ஸலுக்குப் பிழைப்பே வாம்பேட்63 என்ற ஆட்டக்காரன்தான். உலகின் தென்கோடியில் இருக்கும் பெர்னியில் காகித ஆலை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு கிடைத்த வேலைகளும் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போக, ஐம்பத்தெட்டு வயதில் மனிதன் சமையலறை மேசையில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு போக்கர் ஆட உட்கார்ந்துவிட்டான். பெரிய சூதாடி என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தைந்து டாலரோடு உட்காரும் சில்லறை மேசைகள். உள்ளூர்ச் சட்டம் ஒப்புக்கொள்ளாத, எங்கோ ஒரு தீவில் பதிவான தளம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, முகமும் கிடையாது.

அப்படி ஒரு முகமில்லாத ஆள்தான் வாம்பேட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவான், கண்ட சீட்டுக்கெல்லாம் பணம் கட்டுவான், தோற்பான், போய்விடுவான். இப்படிப்பட்ட இளிச்சவாயன் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு இடப்பக்கத்து இருக்கையைப் பிடிக்க வேண்டும். அவன் என்ன செய்கிறான் என்று பார்த்த பிறகு நம் முறை வரும். ரஸ்ஸல் அந்த இடத்தைப் பிடித்துவிடுவான். எதிராளியைப் பற்றிக் குறிப்பு எழுதிவைக்கவும் தளத்தில் வசதி உண்டு. வாம்பேட் பெயருக்குக் கீழே அவன் எழுதியது இது: ‘பொய் ஆட்டம் ஆடத் தெரியாது. பணத்தை ஏற்றினால் கையில் நிச்சயம் சீட்டு இருக்கிறது.’

ஏப்ரலில் ஒரு நாள் அந்த வாம்பேட்டோடு அவன் ஒரு கை ஆடினான். கையில் ஏழும் இரண்டும், அதாவது குப்பை. வாம்பேட் பணத்தை ஏற்றினான். இவன் பெரிய சீட்டு இருப்பதுபோலத் தன்னிடம் இருந்தது மொத்தத்தையும் முன்னால் தள்ளினான். வாம்பேட் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கீழே போட்டு அந்தக் கையை விட்டுக்கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து ரஸ்ஸல் நிமிர்ந்து நடந்தான். பப்பில் அந்தக் கையைப் பற்றிக் கேட்காதவர்களுக்கும் சொன்னான், கேட்டவர்களுக்கு மறுபடியும் சொன்னான்.

மனைவி ஜெனெல்லிடமும் சொல்லாமல் இருப்பானா? அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவள். சனிக்கிழமையும் போக ஆரம்பித்திருந்தாள், மின்கட்டணம் ஏறிவிட்டதாம். இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, இன்றைக்கு அந்த இளிச்சவாயன் வந்தானா என்று அவளே கேட்பாள். இவன் விலாவாரியாகச் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் டேரல் கூப்பிட்டான். ஆலையில் இருபது வருடம் கூட வேலை பார்த்தவன். பால் தொழிற்சாலைக் கிடங்கில் ஓர் இடம் காலியாகிறது, மேலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இன்றைக்கே பதில் வேண்டும் என்றான். ரஸ்ஸல் வேண்டாம் என்றுவிட்டான். மற்றவர்களிடம் தோற்றது போகக் கணக்கில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அந்தக் கொஞ்சம்தான் அவன் தலைக்கு ஏறியிருந்தது.

“எனக்கு இதான்டா வேலை,” என்றான். “நான் இதுல தேறிட்டேன்.”

“நீ தேறுனா சந்தோஷம்தான். அப்ப நான் வேற ஆளுக்குச் சொல்லிடறேன்,” என்று டேரல் போனை வைத்துவிட்டான்.

ஜெனெல்லுக்கு அன்று காய்ச்சல். வேலைக்குப் போகாமல் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். ரஸ்ஸல் அவளுக்கு சூப் சூடாக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சாப்பாட்டு நேரம் ஆனதும் வாம்பேட் வந்தான். இவனும் வழக்கம்போல இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நாலைந்து கை ஆடியிருப்பார்கள், மேசை அப்படியே நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு. ஒரே வீட்டு இணைப்பிலிருந்து இரண்டு பேர் இந்த மேசையில் ஆடுகிறார்கள், கூட்டுச்சதி என்ற சந்தேகத்தில் இரண்டு கணக்குகளும் முடக்கப்படுகின்றன, அவற்றில் இருக்கும் பணம் திருப்பித் தரப்படாது.

பக்கத்து வீட்டுக்காரன் நம் வைஃபையைத் திருடுகிறான் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்த்து நல்ல வார்த்தையாக நாலு சொன்னான். அதை ஜெனெல்லிடம் சொல்லிப் புலம்பலாம் என்று படுக்கையறைக் கதவைத் திறந்தான். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். போனில் அதே சிவப்பு அறிவிப்பு.

வாம்பேட் யாரென்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“இல்லத்துல வேலைல இருந்தா என் போன் இணைப்புலதான் ஆடுவேன்,” என்றாள் ஜெனெல். “இங்க தானா வைஃபைல ஒட்டிக்கிச்சு. எனக்குத் தோணவே இல்ல, ரஸ்.”

“எப்பலேர்ந்து?”

“மார்ச்சுலேர்ந்து. அதுக்கு முன்னாடி நீ குளிக்கக்கூட மாட்டேன்னு கிடந்தே. ஒரு நாள் என்னமோ ஜெயிச்சுட்டு, சிப்பிக்கறி வெச்ச ஸ்கேலப் பை வாங்கிட்டு வந்தே. விசிலடிச்சுக்கிட்டே தட்டு எடுத்து வெச்சே. எனக்கு அந்த ஆள் வேணும்னு இருந்துச்சு.”

“பணத்தக் கையில குடுத்திருக்கலாம்ல.”

“குடுத்தா வாங்கியிருப்பியா?”

வாங்கியிருக்க மாட்டான். சனிக்கிழமைதோறும் அவள் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதித்ததைத்தான் அவன் இளிச்சவாயன் பணம் என்று சிரித்து எடுத்திருக்கிறான். ஒவ்வொரு கையிலும் தளம் தன் பங்கை நறுக்கியது போக மிச்சம்தான் அவனுடைய சாமர்த்தியம். இப்போது அந்த மிச்சமும் தீவுக்குப் போய்விட்டது, கேட்க நாதியில்லை. வேலையும் போய்விட்டது. தான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று தோன்றியது, அதை மறுக்க அவனிடம் ஒரு காரணமும் இல்லை. அவமானத்தில் அவனுக்கு அழக்கூட வரவில்லை.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். பாவி, கேட்டான்.

“ஏப்ரல்ல ஒரு கை. நான் எல்லாத்தையும் தள்ளினேன், நீ கீழ போட்டே. உங்கிட்ட என்ன இருந்துச்சு?”

ஜெனெல் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“ஒண்ணுமே இல்ல,” என்றாள். “அது நெஜமாவே நீ ஜெயிச்சது.”

அவள் அன்றைக்குப் பணத்தை ஏற்றியிருந்தாள். ஏற்றினால் கையில் சீட்டு இருக்கும் என்று எழுதிவைத்தவனே அவன்தான். இப்போது கழுத்து சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் எதிரே இருக்கும் ஆளின் கையை ரஸ்ஸல் சரியாகக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை.

நம்பிவிட்டதுபோலத் தலையாட்டினான். பிறகு அவள் குடிக்காமல் ஆறிப்போயிருந்த சூப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் சூடாக்கினான்.