அட்டைப்பெட்டிக்குள் துக்கத் துணி

வடக்கே டமாலேயில், பஸ் நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த மத்தி மீன் டின் அட்டைப்பெட்டியைக் கொனாடு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே அவள் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். அனுப்பியது யார் என்று ஓர் எழுத்துக் கிடையாது.

"உள்ள மீனா?" என்றான் புருஷன் இத்ரிசு.

"மீனா இருந்தா இந்நேரம் தெருப் பூனையெல்லாம் வாசல்ல நிக்கும். நீ சும்மா இரு."

பிறத்தியார் வீட்டுப் பொட்டலத்தையே பிரித்துப் பார்க்கத் துடிக்கிறவள் அவள். தன் பெயருக்கே வந்ததை விடுவாளா? டேப்பைப் பிய்த்தாள். உள்ளே சிமென்ட் மூட்டைக் காகிதம். அதன் மேல், பழைய சைக்கிள் டியூபை நாடாவாக நறுக்கிப் போட்ட கட்டு. அவள் கை நின்றுவிட்டது. உலகத்தில் இப்படிக் கட்டுகிறவர் ஒருத்தர்தான். தெற்கே மாம்போங்கில் இருக்கும் அவள் அப்பா ஒபெங். ஒரு காலி பால் டின்னைக்கூட வீசியெறியாத மகா பிசினாறி. வடக்கத்திக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருஷமாக அவளோடு பேசாதவர். மகள் மட்டும் சளைத்தவளா? அவளும் பேசவில்லை.

"உங்கப்பாவா! என்னத்த அனுப்பியிருப்பாரு?" இத்ரிசுவும் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

கட்டை அவிழ்த்தாள். மெத்தையிலிருந்து அறுத்த பஞ்சு. நசுக்கிய பால் டின் அட்டை. அதற்கும் உள்ளே, கருஞ்சிவப்பில் ஒரு துணி.

"நல்ல கெட்டித் துணி," என்றான் இத்ரிசு. அவனுக்கென்ன தெரியும்! மாம்போங் பக்கத்து அசாந்தி ஜனங்கள் நாங்கள், அதைச் சாவுக்கு மட்டும்தான் கட்டுவோம்.

கொனாடு அதற்குமேல் பிரிக்கவில்லை. மாம்போங்கில் அப்பாவோடு இருக்கும் அத்தை அஃப்ரியேவுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரும்மா, இருக்காரு. சாமான் வந்துச்சா? ஒரு எட்டு வந்துட்டுப் போ. மத்ததெல்லாம் நேர்ல பேசிக்கலாம்."

போச்சு. சாவைப் போனில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. "வந்துட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள். கொனாடு கறுப்பு உடுத்தி, துணி சுற்றிய அந்தச் சாமானை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உள்ளே என்ன என்று தடவிக்கூடப் பார்க்கவில்லை.

மாம்போங்கில் இறங்கியதும், வாசலுக்கு நூறடி முன்பே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா! ஒரு வார்த்தை பேசாம போயிட்டியே! வெள்ளிக்கிழமை தவறாம உன் நம்பரை எடுத்துப் பாத்துட்டு வெச்சனே! நான் திமிர் புடிச்சவ அப்பா! உன்னை மாதிரியே திமிர் புடிச்சவ! இனி யார்கிட்ட மன்னிப்புக் கேப்பேன்!"

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். யாருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் அவளும் தலையில் கைவைத்து அழ ஆரம்பித்தாள்.

கொல்லையில் கோழிக்கூட்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒபெங் சுத்தியலோடு வெளியே வந்தார்.

"யாரு செத்தது?"

அழுகை இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன.

"நீ... நீங்கதான்," என்றாள் கொனாடு.

கிழவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "அடிப் பைத்தியக்காரி! உள்ள இருக்கறது உங்கம்மா மிளகாய் அரைச்ச, உள்ள சொரசொரன்னு வரி போட்ட மண்சட்டி. குடித்தனம் பண்றவளுக்கு வேணுமேன்னு அனுப்பினேன். உடையாம இருக்க வீட்டுல இருந்ததிலேயே கெட்டியான துணியைச் சுத்தினேன். பிரிச்சே பாக்கலியா நீ?"

அடக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அத்தை அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கொனாடுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றாள். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைன்னு என்னமோ சொன்னியே. சுத்தியல் சத்தத்துல சரியா காதுல விழல."

அவள் துணிக் கட்டை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"செத்தவனுக்குத்தான் சொல்லுவியா? உசுரோட இருக்கறவனுக்குச் சொல்ல மாட்டியா?" கிழவர் ஸ்டூலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். "முதல்ல இருந்து சொல்லும்மா."