யாரோ வைத்த தண்ணீர்

பதினாறு வயதுப் பெண் படுக்கையை நனைப்பாளா? மர்சலின் நனைத்தாள். தையல் வகுப்பில் டீ போடும் ஸ்டவ் வெடித்துத் தீப்பிடித்த நாளிலிருந்து இப்படித்தான். பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த சோஃபியா உள்ளேயே மாட்டிக்கொண்டு செத்துப்போனாள். ஜன்னல் வழியே குதித்த மர்சலினுக்கு முழங்கையில் சிராய்ப்போடு சரி.

"வெளிய தெரிஞ்சா உன்னை எவன்டி கட்டுவான்?" என்று அம்மா ஸ்தெல்லா கிசுகிசுப்பாள். ஈரப் போர்வை கட்டிலுக்கடியில் காய்ந்தது. துக்கம் கேட்க வந்த பங்குக் கோயில் பெண்களை, "தூங்குறா" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள்.

ராயப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டு முழுவதற்கும் ஒரே குளியலறை. அந்தக் கோடையில் லாரித் தண்ணீர்தான். குடத்துக்குக் குடம் சண்டை. போர்வையை அலசத் தண்ணீருக்கு எங்கே போவது? அப்போதுதான் ஒரு விடிகாலையில், குளியலறை வாசலில் தட்டு மூடிய ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, மர்சலின் திருட்டுத்தனமாக எடுத்து அலசினாள். மறுநாளும் இருந்தது. மறுநாளும் திருடினாள்.

பிறகொரு நாள் அலசிக்கொண்டிருக்கையில், தாழ்ப்பாளில்லாத கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வந்து நின்றாள்.

"அக்கா, தண்ணிய நான்தான் எடுத்தேன். அம்மா கிட்ட சொல்லிடாதீங்க."

"எடுக்கத்தான வெச்சது! நேத்து அந்தாண்ட வீட்டு ஜைதூன் பீ வெச்சாங்க, இன்னிக்கு நானு. இன்னாத்துக்கு இப்டி முழிக்கிற?"

மர்சலினுக்கு முகம் பற்றி எரிந்தது. அப்படியானால் எல்லாருக்கும் தெரியும்.

"நடுவுல ஒரே செவுரு. நீ கத்திக்கினு எழுந்துக்கறது எங்களுக்குக் கேக்காதா? எங்க வீட்டு ஆளு கொறட்டை உனக்குக் கேக்குதுல்ல? அந்த மானக்கேட்டுக்கு நான் எங்க போயி ஒளியறது? புடி அந்த முனைய. முறுக்கு."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். மர்சலின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோஃபியா என்னைக் கூப்ட்டாக்கா. ரெண்டு தரம். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

அம்மாவிடம்கூடச் சொல்லாதது. கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் முழுங்கியது. பாஞ்சாலி ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று அவள் கூசிப்போய் நின்றாள். பாஞ்சாலியின் கை முறுக்குவதை நிறுத்தியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முனையைப் பிடித்தாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு ஸ்தெல்லா ஓடிவந்தாள். போர்வையையும் பாஞ்சாலியையும் பார்த்து விக்கித்துப்போனாள்.

"உள்ள வாடி!"

"இதக் கொடியில போட்டுட்டு வரேம்மா" என்றாள் மர்சலின். தலை இன்னும் நிமிரவில்லை. பொது முற்றத்தைப் பார்த்து நடந்தாள்.